பெரியம்மாவின் உதவித்தொகையும் பேத்தியின் கல்விக் கடனும்: செவிலியர் கல்விக்கு அரசு செலவிட்ட வரலாறு

சென்ற வாரம் ஊரிலிருந்து அண்ணன் தொலைபேசியில் அழைத்திருந்தார். அவர் என் பெரியம்மாவின் மகன். அவருடைய மகள் பி.எஸ்சி. செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரியின் கட்டணத்துக்காக அண்ணன் கல்விக் கடன் கேட்டு வங்கிக்கு அலைந்துகொண்டிருக்கிறார். பேச்சின் நடுவே அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“அம்மா நர்சிங் படிச்சப்ப அரசாங்கமே மாசாமாசம் காசு கொடுத்து, சாப்பாடும் போட்டுப் படிக்க வெச்சது. இப்ப நான் மட்டும் ஏன் கடன் வாங்கணும்? நீதான் இதையெல்லாம் ஆராய்ச்சி பண்றியே, சொல்லு.”

தில்லியில் இருந்துகொண்டு பொதுச் சுகாதார வரலாற்றில் ஆய்வு செய்துவரும் என்னால் அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல முடியவில்லை. பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்தப் பதிவு அவருக்கான பதில். சற்று நீளமானது. வீட்டில் ஒரு செவிலியர் இருக்கும் நண்பர்களேனும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் செவிலியரைப் பயிற்றுவிக்க அரசு பணம் செலவிட்ட காலங்கள் உண்டு. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் வேறொரு தேவையின் பெயரில் வந்தது. படைவீரர் நலம், மகப்பேறு, குடும்பக் கட்டுப்பாடு, மருத்துவமனை நடத்தும் செலவு என்று அந்தப் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. செவிலியர் கல்வி கல்வியாகவே கருதப்பட்டு, தனக்கென ஒரு நிலையான ஒதுக்கீட்டைப் பெற்றது மிக அரிது. பெரியம்மா பெற்ற உதவித்தொகையையும் பேத்தி வாங்கும் கடனையும் இந்த ஒரே காரணம் விளக்குகிறது என்பது என் எண்ணம்.

1. படைவீரருக்கு ஊதியம், பொதுமக்களுக்கு நன்கொடை

சென்னை மாகாணத்திலிருந்தே தொடங்கலாம். 1844இல் சென்னையில் ஒரு மகப்பேறு மருத்துவமனை தோன்றியது. இன்று எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை என்று நாம் அறிவது அதன் தொடர்ச்சியே. மருத்துவச்சிகளுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி நடத்த மாகாண அரசு 1854இல் ஒப்புதல் அளித்தது. 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியபோது சேர்ந்த மாணவியர் நால்வர். இந்தியச் செவிலியர் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் யாரும் இந்த நால்வரைக் குறிப்பிடாமல் செல்வதில்லை.

இதே காலத்தில், 1865இல், ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் இந்திய மருத்துவமனைகளுக்கான செவிலியர் முறை குறித்துப் பரிந்துரைகள் எழுதினார். இந்தியாவின் மீது அவருக்கு ஏற்பட்ட ஈடுபாடு பிரித்தானியப் படைவீரரின் நலத்திலிருந்து பிறந்தது. போரைவிட நோயால் மடியும் வீரர்களின் எண்ணிக்கை மிகுதி என்பதை 1857க்குப் பின் லண்டன் அரசு உணர்ந்திருந்தது. ஆகவே செவிலியருக்காக அரசு முதலில் பணப்பையைத் திறந்ததும் படைமுகாமில்தான். 1888இல் பயிற்சி பெற்ற பிரித்தானியச் செவிலியர் பத்துப் பேர் பம்பாயில் வந்திறங்கினர். இந்தியாவிலுள்ள படை மருத்துவமனைகளில் பணியாற்றவே அவர்கள் அழைத்துவரப்பட்டனர். இராணுவச் செவிலியர் பணியின் தொடக்கம் அதுவே.

பொதுமக்களின் நிலை வேறு. 1885இல் வைசிராயின் மனைவி டஃப்பரின் சீமாட்டியார் இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவ உதவி வழங்கும் நோக்கில் ஒரு நிதியம் தொடங்கினார். பெண் மருத்துவர்களோடு செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பயிற்றுவிப்பது அதன் குறிக்கோள்களுள் ஒன்று. வைசிராய் மாளிகையின் பெயரைக் கேட்டு இது அரசுத் திட்டம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்த நிதியம் பெரிதும் சமஸ்தான மன்னர்களும் செல்வந்தர்களும் தந்த நன்கொடையில் நின்றது. படைவீரரைக் கவனிக்கும் செவிலியர் அரசுச் செலவு, பிள்ளை பெறும் பெண்ணைக் கவனிக்கும் செவிலியர் தருமக் கணக்கு என்ற பிரிவினை இவ்வாறு வேரூன்றியது.

2. மிஷன் மருத்துவமனைகள் சுமந்த பாரம்

அடுத்த அரை நூற்றாண்டில் செவிலியர் பயிற்சியின் பெரும்பகுதியைச் சுமந்தவை கிறித்தவ மிஷன் மருத்துவமனைகள். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அங்கு மருத்துவப் பள்ளி வந்தது 1918இல்தான். செவிலியர் பள்ளிதான் மூத்தது என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

இப்பள்ளிகளுக்கு வந்த பெண்கள் யார்? பிறர் உடலின் கழிவைத் தொடுவது தீட்டு என்று கருதிய சமூகம் இது. மணமாகாத பெண் வீட்டுக்கு வெளியே தங்குவதும், இரவில் அயல் ஆடவர் நடுவே பணிபுரிவதும் மானக்கேடு என்று எண்ணப்பட்ட காலம். ஆகவே மேற்சாதிக் குடும்பங்கள் தம் பெண்களை அனுப்பவில்லை. ஏழைக் கிறித்தவக் குடும்பத்துப் பெண்கள், மிஷன் விடுதிகளில் வளர்ந்த ஆதரவற்றோர், இளம் விதவைகள், ஆங்கிலோ இந்தியப் பெண்கள் ஆகியோரே இத்தொழிலைத் தாங்கினர். பயிற்சிச் செலவுக்கான பணத்தின் பெரும்பகுதி கடல் கடந்த திருச்சபைகளின் காணிக்கையிலிருந்து வந்தது.

இதனால் அரசுக்குக் கிடைத்த வசதி பெரிது. தான் பெரிதாகச் செலவிடாமலே பயிற்சி பெற்ற செவிலியர் கிடைத்தனர். 1908இல் செவிலியர் தமக்கென அகில இந்தியச் சங்கத்தை அமைத்துக்கொண்டு, தரமான பயிற்சியும் பதிவு முறையும் வேண்டுமென வலியுறுத்தினர். 1926இல் சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டத்தை இயற்றிப் பதிவுக் குழுமத்தை அமைத்தது. யார் செவிலியர் என்று வரையறுக்க அரசு சட்டம் செய்தது நல்ல காரியமே. அவரை உருவாக்கும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியை அச்சட்டம் தொடவில்லை.

3. ஏழாயிரம் பேரும் ஏழு இலட்சம் பேரும்

இந்தக் கேள்வியை முதன்முதலாக எண்களோடு நாட்டின் முன் வைத்தது ஜோசப் போர் தலைமையிலான குழு. 1943இல் அமைக்கப்பட்ட அக்குழு 1946இல் அறிக்கை தந்தது. அப்போது இந்தியாவில் இருந்த மருத்துவர் சுமார் 47,500 பேர். செவிலியர் சுமார் 7,000 பேர். ஏறத்தாழ 6,300 மக்களுக்கு ஒரு மருத்துவர் இருந்தார். ஒரு செவிலியருக்கோ 43,000 மக்கள். அதே காலத்தில் பிரிட்டனில் 300 பேருக்கு ஒரு செவிலியர் இருந்தார் என்று குழு ஒப்பிட்டுக் காட்டியது.

இந்த எண்களை இன்னொரு கோணத்தில் பாருங்கள். அன்றைய இந்தியாவில் ஒரு செவிலியருக்கு ஏறக்குறைய ஏழு மருத்துவர்கள். 1971ஆம் ஆண்டுக்குள் 1,85,000 மருத்துவர்களும் 7,40,000 செவிலியரும் தேவை என்று குழு கணக்கிட்டது. அதாவது ஒரு மருத்துவருக்கு நான்கு செவிலியர் வேண்டும். இருந்த விகிதத்தைத் தலைகீழாகத் திருப்பும் இலக்கு அது. அந்தத் திருப்பம் நிகழ வேண்டுமானால், மருத்துவக் கல்விக்குத் தரும் பணத்தைப் போலவே செவிலியர் கல்விக்கும் ஆண்டுதோறும் நிலையாகப் பணம் வர வேண்டியிருந்தது.

தொடக்கம் நம்பிக்கை தருவதாகவே இருந்தது. 1946இல் தில்லியிலும் வேலூரிலும் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. தில்லிக் கல்லூரி மத்திய அரசினுடையது. பின்னாளில் அது நாட்டின் முதல் சுகாதார அமைச்சர் இராஜகுமாரி அம்ருத் கௌரின் பெயரைப் பெற்றது. 1947இல் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் நிறைவேறியது. செவிலியரின் பணிநிலையையும் ஊதியத்தையும் ஆராய 1954இல் ஒரு குழு அமைந்தது. அதற்குத் தலைமை வகித்தவர் அன்றைய சென்னை மாநிலச் சுகாதார அமைச்சர் ஏ.பி. ஷெட்டி.

ஆனால் ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் கட்டடங்களும் பெருமையும் மருத்துவக் கல்லூரிகளைச் சேர்ந்தன. உயர்நிலைச் செவிலியர் கல்விக்கு ராக்ஃபெல்லர் அறக்கட்டளை, உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கத் தொழில்நுட்ப உதவி ஆகியவை கணிசமாகத் துணைநின்றன. அயல்நாட்டு உதவி நல்ல ஆசிரியர்களையும் நூலகங்களையும் தந்தது. ஆனால் எந்த உதவியும் ஒருநாள் முடிவுக்கு வருவதே. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் உள்நாட்டு ஒதுக்கீட்டின் இடத்தை அது நிரப்ப இயலாது.

4. உதவித்தொகை என்ற பெயரில் கூலி

இப்போது பெரியம்மாவுக்கு வருகிறேன். 1970களின் தொடக்கத்தில் ஒரு மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனையை ஒட்டிய செவிலியர் பள்ளியில் அவர் படித்தார். விடுதி, சாப்பாடு, சீருடை, மாதந்தோறும் சிறு உதவித்தொகை. அந்தத் தொகையிலிருந்து ஒரு பகுதியை மணியார்டரில் வீட்டுக்கு அனுப்புவாராம். என் அம்மா பள்ளிப் படிப்பை முடித்தது அந்தப் பணத்தில்தான். எங்கள் குடும்பத்தில் இது பலமுறை சொல்லப்பட்ட கதை.

பெரியம்மா எங்களிடம் அதிகம் சொல்லாத மறுபாதி ஒன்று உண்டு. ஆய்வுக்காக நான் அவரைப் பதிவு செய்தபோதுதான் அது வெளிவந்தது. இரண்டாம் ஆண்டிலேயே அவருக்கு முறைவைத்து இரவுப் பணி. நாற்பதுக்கு மேற்பட்ட நோயாளிகள் கிடந்த வார்டில் ஒரு பணிச் செவிலியரும் இரண்டு மாணவியரும். சில இரவுகளில் பணிச் செவிலியர் பக்கத்து வார்டையும் சேர்த்துப் பார்க்கப் போய்விடுவார். விடிந்ததும் குளித்துவிட்டு ஒன்பது மணிக்கு வகுப்பு. பாடம் நடத்தும் சிஸ்டர் டியூட்டரையே பாதியில் வார்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்களாம். “படிச்சது கொஞ்சம், பார்த்தது நிறைய. பார்த்ததை ஏன்னு கேட்க ஆள் இல்ல” என்றார்.

இது அவர் படித்த பள்ளியின் தனிக் குறை அன்று. நைட்டிங்கேல் காலத்திலிருந்து உலகின் பல நாடுகளில் செவிலியர் பயிற்சி இப்படித்தான் நடந்தது. மாணவி மருத்துவமனைக்கு உழைப்பாள். மருத்துவமனை அவளுக்குத் தொழிலைக் கற்றுத்தரும். இந்தியாவில் அரசு செவிலியர் பள்ளிகள் மருத்துவமனையின் ஓர் உறுப்பாகவே இயங்கின. தனிக் கட்டடம், தனி ஆசிரியர், தனி வரவுசெலவு என்பன அபூர்வம். மாணவியருக்குத் தரும் தொகை உதவித்தொகை என்று எழுதப்பட்டது. அதற்கு ஈடாகக் கிடைத்ததோ வார்டுகளை நடத்தும் உழைப்பு. மாணவியர் இல்லையென்றால் அந்த இரவுகளுக்கு எத்தனை பணிச் செவிலியரை நியமித்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டால், யார் யாருக்கு உதவினார்கள் என்பது விளங்கும்.

ஆயினும் இதை வெறும் சுரண்டல் என்று சொல்லிக் கடந்துவிட என் மனம் ஒப்பவில்லை. அந்த உதவித்தொகை இல்லாவிட்டால் பெரியம்மாவைப் போன்ற ஏழைப் பெண்ணுக்கு எந்தத் தொழிற்படிப்பும் கிட்டியிருக்காது. படிப்பு முடிந்ததும் அரசு வேலை, பிறகு ஓய்வூதியம். ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த எத்தனையோ குடும்பங்களில் முதல் மாதச் சம்பளக்காரர் ஒரு செவிலியராகவே இருந்திருக்கிறார். அந்த ஏற்பாட்டில் அநீதியும் இருந்தது, வாசலும் இருந்தது. பின்னாளில் நாம் சீர்திருத்தியிருக்க வேண்டியது அநீதியை. நடந்ததோ வேறு.

5. துணைச் செவிலியரும் இலக்குப் பதிவேடும்

பணம் வரும் வழி தொழிலின் வடிவத்தையே மாற்றும் என்பதற்கு ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியரின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று இல்லை. முழுப் பயிற்சி பெற்ற செவிலியரைக் கிராமங்களுக்குப் போதிய அளவில் தர இயலாது என்று கருதிய அரசு, 1950களின் தொடக்கத்தில் இரண்டாண்டுப் பயிற்சியாக இதைத் தொடங்கியது. 1961இல் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழு பட்டச் செவிலியர், அடிப்படைச் செவிலியர், துணைச் செவிலியர் என மூன்று நிலைகளை ஏற்றது. முதலியார் சென்னையின் புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவர். போர் குழுவிலும் உறுப்பினராக இருந்தவர்.

1966இல் மத்திய அரசில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கெனத் தனித் துறை உருவானது. அத்திட்டம் முழுமையாக மத்திய நிதியில் நடந்தது. மாநிலங்களின் பார்வையில் தம் கையிலிருந்து செலவிட வேண்டாத பணம் அது. துணைச் செவிலியரின் பயிற்சியும் பணியிடமும் மெல்ல மெல்ல அந்த நிதியை நோக்கி நகர்ந்தன. 1973இல் கர்த்தார் சிங் குழு அவரைப் பல்நோக்குச் சுகாதாரப் பணியாளராக மாற்றப் பரிந்துரைத்தது. 1977இல் பயிற்சிக் காலம் பதினெட்டு மாதங்களாகக் குறைந்தது.

பிள்ளைப்பேறு பார்க்கக் கற்றவர் என்ற அவருடைய அடையாளம் மங்கியது. இத்தனை அறுவைகளுக்கு ஆள் சேர்த்தவர், இத்தனை கருத்தடை வளையங்களுக்கு ஆள் கொண்டுவந்தவர் என்ற இலக்குப் பதிவேடு அவருடைய திறமைக்கு அளவுகோலாயிற்று. 1996இல் மத்திய அரசு இலக்கு முறையைக் கைவிட்டது. அதற்குள் ஒரு தலைமுறைத் துணைச் செவிலியர் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியைப் பதிவேட்டுக்கே கொடுத்திருந்தனர். தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர் என்று நாம் அறிந்தவர்கள் இந்த மரபைச் சேர்ந்தவர்கள். குடும்பக் கட்டுப்பாட்டின் பெயரில் வந்த பணம் அவர்களுக்கு வேலை தந்தது. அந்த வேலை எதற்கு என்பதையும் அதுவே தீர்மானித்தது.

6. அரசு விலகிய இடம்

1987இல் மத்திய அரசு செவிலியத் தொழில் குறித்து ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது. தலைவர் சென்னையைச் சேர்ந்த சமூகப் பணியாளர் சரோஜினி வரதப்பன். நாடெங்கும் சென்று பார்த்த அக்குழு 1989இல் அளித்த அறிக்கை, செவிலியர் நிர்வாகத்துக்குத் தனிக் கட்டமைப்பும் கல்விக்கு மேம்பட்ட ஏற்பாடும் வேண்டுமென வலியுறுத்தியது. அந்த அறிக்கைக்குப் பின் வந்த பத்தாண்டுகளில் அரசு விரிவடையவில்லை. தனியார் கல்லூரிகள் விரிவடைந்தன.

இதற்குப் பின்னணி முன்பே உருவாகியிருந்தது. 1960களில் கேரளத்துப் பெண்கள் திருச்சபைகளின் வழியே ஜெர்மனிக்குச் செவிலியராகச் சென்றனர். 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகள் அழைத்தன. அயல்நாட்டு ஊதியம் குடும்பங்களைத் தலைநிமிர்த்தியது. செவிலியப் படிப்பு மீதிருந்த பழைய இழிவுணர்வும் குறைந்தது. கட்டணம் கட்டிப் படிக்கக் குடும்பங்கள் முன்வந்ததும் கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் தனியார் செவிலியர் கல்லூரிகள் பெருகின. இன்று நாட்டிலுள்ள ஏறத்தாழ 5,300 செவிலியர் கல்வி நிறுவனங்களில் அரசு நிறுவனங்கள் 700க்குச் சற்று அதிகம். எட்டில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே.

நல்ல தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் படித்துச் சிறந்த செவிலியரானோர் பலரை அறிவேன். என் கவலை செலவு இடம் மாறியதைப் பற்றியது. பெரியம்மாவின் காலத்தில் மாணவி உழைத்தாள், அரசு ஒரு சிறு தொகையேனும் தந்தது. இன்றும் மாணவி மருத்துவமனையில் பயிற்சி என்ற பெயரில் உழைக்கிறாள். தொகை மட்டும் எதிர்த்திசையில் செல்கிறது. படிப்பு முடிந்தபின் பல தனியார் மருத்துவமனைகளில் சொற்ப ஊதியம். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அசல் சான்றிதழைத் திருப்பித் தராத வழக்கமும் சில இடங்களில் இருந்தது. 2011, 2012ஆம் ஆண்டுகளில் கேரளத்தில் தனியார் மருத்துவமனைச் செவிலியர் தெருவுக்கு வந்து போராடியதன் பின்னணி இதுவே.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2016இல் நீதிமன்றம் இட்ட ஆணையின்படி அமைந்த வல்லுநர் குழு, 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தரவேண்டும் என்றும், 50 படுக்கைகளுக்குக் குறைந்த இடங்களிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது.

அரசுப் பணியிலும் மாற்றம் வந்தது. தமிழ்நாட்டில் 2015இல் 7,000க்கும் மேற்பட்ட செவிலியர் தேர்வு எழுதித் தேர்வாகி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணியில் சேர்க்கப்பட்டனர். நிரந்தரப் பணி கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் நடத்திய போராட்டம் பலருக்கும் நினைவிருக்கும். கல்விக்குச் செலவிடுவதிலிருந்து விலகிய அரசு, பணியிடத்துக்குச் செலவிடுவதிலும் கைசுருக்கியது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

7. மீண்டும் வந்த பணம்

அரசு முற்றிலும் கைவிட்டுவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. பதினோராவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தின் பிற்பகுதியில், செவிலியர் பள்ளி இல்லாத மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து 132 துணைச் செவிலியர் பள்ளிகளும் 137 பொதுச் செவிலியர் பள்ளிகளும் திறக்க மத்திய அரசு திட்டமிட்டது. முன்னதற்குப் பள்ளி ஒன்றுக்கு 5 கோடி ரூபாய், பின்னதற்கு 10 கோடி ரூபாய். வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்த பற்றாக்குறையைக் கருதினால் இது சரியான திசையே. ஆயினும் செயலாக்கம் பல மாநிலங்களில் ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 157 புதிய அரசு செவிலியர் கல்லூரிகளுக்கு ஒப்புதல் அளித்தது. மொத்தச் செலவு 1,570 கோடி ரூபாய். ஆண்டுக்கு ஏறத்தாழ 15,700 பட்டச் செவிலியர் கூடுதலாக உருவாவர் என்பது எதிர்பார்ப்பு. உத்தரப் பிரதேசத்துக்கு 27, இராஜஸ்தானுக்கு 23, தமிழ்நாட்டுக்கு 11. 2014க்குப் பின் தோன்றிய மருத்துவக் கல்லூரிகளின் வளாகங்களிலேயே இவை அமையும். அதே ஆண்டில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டமும் நிறைவேறியது.

சுதந்திர இந்தியாவில் அரசு செவிலியர் கல்லூரிகளுக்கென இவ்வளவு தெளிவாக அறிவிக்கப்பட்ட திட்டங்கள் அதிகமில்லை. இதை மனதார வரவேற்கிறேன். மருத்துவக் கல்லூரியின் வளாகத்திலேயே அமைவதால் நோயாளிகள், ஆய்வகம், நூலகம் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ள முடியும், செலவும் குறையும். ஆனால் வரலாற்று மாணவராக எனக்கு இரண்டு ஐயங்கள் எழுகின்றன.

முதலாவது, அறிவிக்கப்படும் தொகை பெரிதும் கட்டடத்துக்கும் கருவிகளுக்குமானது. கட்டடம் ஒருமுறைச் செலவு. ஆசிரியர் ஆண்டுதோறும் ஆகும் செலவு. அந்த இரண்டாவது செலவு மாநிலங்களின் தோளில் விழும்போது, நிதி நெருக்கடியுள்ள மாநிலம் முதலில் நிரப்பாமல் விடும் பணியிடம் எது என்று ஊகிப்பது கடினமன்று. பாதி வகுப்பில் வார்டுக்கு அழைத்துச் செல்லப்பட்ட சிஸ்டர் டியூட்டரை நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாவது, மருத்துவக் கல்லூரியின் நிழலில் அமையும் செவிலியர் கல்லூரிக்குத் தன் வரவுசெலவைத் தானே தீர்மானிக்கும் உரிமை இருக்குமா? இல்லையென்றால் நூற்றைம்பது ஆண்டுப் பழைய ஏற்பாடு புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்ததாகவே பொருள்.

8. அண்ணனுக்கான பதில்

ஆகவே, அண்ணா, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் விடை இது. அன்று அரசு பெரியம்மாவுக்குக் கொடுத்த பணத்தைக் கல்விச் செலவு என்று அரசே எண்ணியிருக்கவில்லை. வார்டு நடத்தும் செலவின் ஒரு பகுதியாகவே எண்ணியது. அதனால்தான் காலம் மாறியபோது அதை விட்டுவிடுவது எளிதாயிற்று. குடிமக்களின் உரிமை என்று நிலைபெற்ற செலவாக இருந்திருந்தால், அதைக் குறைக்கும்போது சட்டமன்றத்தில் கேள்வி எழுந்திருக்கும். மருத்துவக் கல்வி இடங்களைப் பற்றி இந்நாட்டில் எவ்வளவு விவாதிக்கிறோம்! செவிலியர் இடங்களைப் பற்றி எத்தனை முறை பேசியிருக்கிறோம்?

வருங்கால வரவுசெலவு அறிக்கைகளில் செவிலியர் கல்வி பற்றிய அறிவிப்பு வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகிக்கொள்வோம். எத்தனை ஆசிரியப் பணியிடங்கள் நிரந்தரமாக உருவாக்கப்படுகின்றன? ஏழை மாணவிக்குக் கட்டணமும் விடுதியும் யார் பொறுப்பு? படித்து வெளிவருபவருக்குத் தொகுப்பூதியம் அல்லாத பணியிடம் எத்தனை? கல்லூரிகளின் எண்ணிக்கை மட்டும் சொல்லப்பட்டு இந்த மூன்றுக்கும் விடை இல்லையென்றால், பழைய கதையே தொடர்கிறது என்று கொள்ளலாம்.

கடன் விண்ணப்பத்தைக் கைவிட வேண்டாம். அவள் படிக்கட்டும். அவளுக்கு உதவக்கூடிய அரசுக் கல்வி உதவித்தொகைகளின் பட்டியலைத் தனியே அனுப்புகிறேன்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அரசு செவிலியர் பள்ளிகளில் படித்த அம்மாக்கள், பெரியம்மாக்கள், அத்தைகள் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அவர்களுடைய பழைய பணிமுறைச் சீட்டு, உதவித்தொகைக் கணக்கு, வகுப்புக் குறிப்பேடு, விடுதி நிழற்படம் எதுவாயினும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நேரம் கிடைக்கும்போது பக்கத்தில் அமர்ந்து அந்த இரவுப் பணிகளைப் பற்றிக் கேட்டு எழுதி வையுங்கள். அரசு ஆவணங்களில் செவிலியர் எண்ணிக்கையாக மட்டுமே வருகிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு கணக்கில் வராமல் போனது என்பதை அவர்கள்தாம் சொல்ல முடியும்.

பெரியம்மாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. நேற்று தொலைபேசியில் இந்தப் பதிவை அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: “அவளுக்குச் சொல்லித் தர ஆள் இருக்காங்களான்னு மட்டும் விசாரி.”